சதை வழிக்கும் கத்தியை யார் தேர்வது?



ஆண்டுதோறும் இந்த நாளில் நம் மன்றத்தில் ஒரு நூலைப் பற்றியோ ஒரு போராட்டத்தைப் பற்றியோதான் பேசி வந்திருக்கிறோம். இந்த ஆண்டு ஒரு கத்தியைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தோம். யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அந்தப் பெரியவர் திண்டுக்கல் தோல் ஷாப்பில் சதை வழிக்கும் வேலை பார்த்தவர். பிற்காலத்தில் நம் படிப்பகத்தைத் தொடங்கினார், சங்கத்தில் இருந்தார், மேடைகளில் பேசினார். அவற்றையெல்லாம் முந்தைய ஆண்டுகளின் உரைகள் பதிவு செய்துள்ளன. அவர் கையில் இருந்த கத்தியைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. அவர் இருந்தபோது நாங்கள் கேட்கவில்லை. இந்த உரையை எழுதிய எங்கள் நால்வரின் குறையும் அதுதான்.

கேட்க வைத்தது மாணவர்கள்தான். போன மாசியில் நம் பறைப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் சிலர், பைபர் போட்ட பறை வேண்டாம், தோலை நாமே பதப்படுத்திக் கட்டலாம் என்றார்கள். தோல் மண்டியில் உப்புப் போட்ட மாட்டுத் தோல் இரண்டு வாங்கி வந்தார்கள். ஒரு தம்பி இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள வளைந்த கத்தி ஒன்றைத் தபாலில் வரவழைத்திருந்தான். பளபளவென்று இருந்தது. தாளை வைத்தால் தாள் இரண்டாகிவிடும், அப்படிக் கூர். முதல் தோலின் வயிற்றுப் பக்கத்தில் கால் மணி நேரத்துக்குள் இரண்டு ஓட்டை விழுந்தது. பயந்துபோய் இரண்டாவது தோலை மேலாக வழித்து விட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் அது நாறத் தொடங்கியது.

அந்தத் தம்பி எங்களிடம் வந்து கேட்டான்: "எந்தக் கத்திண்ணே வாங்கியிருக்கணும்?"

எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. பெரியவருடன் ஒரே ஷாப்பில் வேலை பார்த்த ஐயா ஒருவர் இன்னும் ஊரில் இருக்கிறார். அவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். கத்தியை எடுத்து நீட்டியபோது அவர் வாங்கவில்லை. "மொதல்ல தோலக் காட்டு தம்பி. அப்புறம் கத்தியச் சொல்றேன்" என்றார்.

ஓட்டை விழுந்த தோலை விரித்தோம். ஓட்டைக்கு நேர் கீழே, மயிர்ப் பக்கத்தில் கையை விடச் சொன்னார். மயிரோடு மயிராகக் காய்ந்து ஒட்டியிருந்த சாணிக் கட்டி ஒன்று தட்டுப்பட்டது. இரண்டாவது ஓட்டைக்குக் கீழேயும் அப்படித்தான். அடியில் மேடு இருந்தால் தோல் அந்த இடத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும்; கத்தி அந்த மேட்டைத்தான் முதலில் சீவும். ஊற வைத்துக் கழுவும்போதே கையால் தடவிப் பார்த்து சாணி, முள், ஒட்டுப்புல் எல்லாவற்றையும் எடுத்திருக்க வேண்டும். "கத்தி மேல குத்தம் இல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கத்தி மேலயும் குத்தம் இருக்கு" என்றார்.

அன்று மாலையும் அடுத்த இரண்டு ஞாயிற்றுக் கிழமைகளிலும் அவர் சொன்னதை எழுதி வைத்திருக்கிறோம். இதில் நுட்பமாக இருப்பதெல்லாம் அவருடையது. தவறு இருந்தால் எங்களுடையது.

தோலுக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று மயிர் இருக்கும் முகம். மற்றது உடம்போடு ஒட்டியிருந்த முகம். இரண்டாவதில் சதைத் துணுக்கும் கொழுப்பும், அவற்றுக்கு அடியில் ஈர வெங்காயச் சருகைப் போல ஒரு சவ்வும் இருக்கும். சவ்வு இருக்கும் வரை சுண்ணாம்பும் பட்டைச் சாறும் அந்தப் பக்கத்திலிருந்து உள்ளே சரியாக இறங்காது. உப்புகூட ஒழுங்காக ஏறாது. இறங்காத இடம் அழுகும். சவ்வைத் தாண்டிக் கத்தி போய்விட்டாலோ தோலின் நார் அறுந்துவிடும். பறையில் அந்த இடம்தான் முதலில் கிழியும். சவ்வுக்கும் நாருக்கும் நடுவில் நிறுத்தத் தெரிந்தவன்தான் சதை வழிக்கிறவன். கண்ணால் பார்த்து இதைச் செய்ய முடியாது என்றார் ஐயா. கைப்பிடி வழியாக ஒரு கரகரப்பு வரும். சவ்வு கழன்றதும் அது நின்றுவிடும்.

இனி கத்திக்கு வருவோம். சாய்த்து நிறுத்திய உருண்டைக் கட்டையின் மேல் தோலைப் போட்டு, மேல் நுனியைத் தன் வயிற்றால் கட்டையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, குனிந்து இரண்டு கையாலும் கீழ்நோக்கித் தள்ளுகிற கத்தி இது. இழுக்கிற கத்தி இல்லை. இதற்கு இரண்டு விளிம்பு. வெளிவளைவான விளிம்பு கூராக இருக்கும். தடித்த கொழுப்பையும் சதையையும் அரிந்தெடுக்க அது. உள்வளைவான விளிம்பு மழுங்கலாக இருக்கும். சவ்வைத் தள்ளி உருட்டிக் கழற்ற இது. மழுங்கல் என்றால் கவனிக்காமல் விட்ட மழுங்கல் இல்லை. விளிம்பு பெட்டியின் ஓரத்தைப் போல நேராக, பிசிறு இல்லாமல் இருக்க வேண்டும். ஓர் இடத்தில் பல் விழுந்திருந்தால்கூட தோலின் நீளத்துக்கும் ஒரு கோடு விழும். பதனிட்டு முடிந்து சாயம் ஏறியபின் அந்தக் கோடு பளிச்சென்று தெரியும். நம் தம்பி வாங்கிய கத்தியில் இரண்டு விளிம்பும் கூர். அதுதான் ஐயா சொன்ன 'குத்தம்'. ஒரு விளிம்பை அரத்தால் தட்டையாக்கிக் கொடுத்தார். அதே கத்தி, அதே தம்பி. அடுத்து வாங்கிய தோலில் ஓட்டை விழவில்லை.

பிறகு வளைவு. உள்வளைவு கட்டையின் உருட்டுக்குப் பொருந்த வேண்டும். கட்டையைவிடக் கத்தி அதிகமாக வளைந்திருந்தால் இரண்டு முனையும் முதலில் தோலில் பதிந்து கிழிக்கும். கத்தி நேராக இருந்தால் நடுவில் மட்டும் தொடும். தோலுக்கு ஆபத்து இல்லை, ஆனால் நாள் முழுதும் தள்ளினாலும் வேலை நகராது. ஆகவே கட்டையைப் பார்க்காமல் கத்தி வாங்குகிறவன் காலைப் பார்க்காமல் செருப்பு வாங்குகிறவன். இது ஐயா சொன்ன உவமை. செருப்புத் தைத்த குடும்பத்திலிருந்து வந்தவர் அவர்.

நீளம் தோலைப் பொறுத்தது. ஆட்டுத் தோலுக்குச் சின்னக் கத்தி போதும், அதிலும் மழுங்கல் விளிம்புதான் பெரும்பாலும் வேலை செய்யும். மாட்டுக்கும் எருமைக்கும் நீளமும் கனமும் வேண்டும். கழுத்துப் பக்கம் தோல் தடிப்பு, அங்கே கத்தியின் கனமே பாதி வேலையைச் செய்துவிடும். வயிறும் தொடையிடுக்கும் மெல்லிசு, அங்கே அதே கனம் எதிரியாகிவிடும். செம்மறித் தோலில் கொழுப்பு வழுக்கும். மெல்லிய தகடு தள்ளும்போது துடிக்கும், துடித்தால் தோலில் படிப்படியாகத் தடம் விழும். கைப்பிடி மரமாக இருந்தால் கொழுப்புப் பட்டு நழுவும், அதனால் சணல் சுற்றிக்கொள்வார்கள். துருப்பிடிக்காத எஃகு பார்க்க அழகு, ஆனால் நம் வீட்டுச் சாணைக்கல்லுக்கு லேசில் மசியாது. இவர்கள் கையில் இருந்தவை லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தவை. உப்புப் பட்டால் துருவேறும். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வைக்காவிட்டால் மறுநாள் கத்தி பல் காட்டும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி, "ஷாப்பில் கத்தி கொடுப்பாங்களா ஐயா, நீங்களே வாங்கணுமா?" என்று கேட்டார். இந்த உரையே அந்தக் கேள்வியிலிருந்து வந்தது என்று சொல்லலாம்.

ஷாப்பில் கத்தி இருந்தது. ஆனால் அது எல்லோருக்கும் பொது. ஒருவன் கை குட்டை, ஒருவன் உயரம், ஒருவனுக்கு இடது கைப்பழக்கம். கத்திக்கு அது தெரியாது. கூலியோ உருப்படிக் கணக்கு. தோலில் கீறல் விழுந்தால் கூலியில் பிடிப்பார்கள். கத்தி முதலாளியுடையது, கீறல் தொழிலாளியுடையது. நம் பெரியவர் ஓர் ஆண்டு பிடித்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு, சொந்தமாகக் கத்தி அடித்துக்கொள்ளப் போனார். பட்டறைக்காரர் அவரை உள்ளே விடவில்லை. பழைய கத்தியைக் கையில் வாங்கிப் பார்க்கவும் இல்லை. தரையில் வைக்கச் சொன்னார். எவ்வளவு வளைவு வேண்டும் என்று காட்ட வேண்டுமே. பெரியவர் வாசலில் நின்று குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினாராம். கட்டையின் உருட்டு ஒரு கோடு, அதன்மேல் கத்தியின் வளைவு ஒரு கோடு, நடுவில் தோலின் தடிப்புக்கு இடைவெளி. மூன்று முறை அடித்து மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. மூன்றுக்கும் காசு அவருடையது.

தோழர்களே, மண்ணில் போட்ட அந்தக் கோடு ஒரு பொறியாளரின் வரைபடம். அதைப் போட்டவருக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு நோட்டு வாங்கித் தர ஆளில்லை. சென்னையில் 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தத் தொழிலைப் பற்றி எத்தனையோ ஆய்வுகளைச் செய்திருக்கிறது. அவற்றின் பயனை நாம் மறுக்கவில்லை. அதற்கும் முன்பே, 1912இல் பல்லாவரம் பக்கத்தில் வந்த குரோம் லெதர் கம்பெனியின் பெயரால் ஓர் ஊரே குரோம்பேட்டை ஆனது. ஓர் உப்பின் பெயருக்கு ரயில் நிலையம் உண்டு. கத்தி பிடித்தவர்கள் பெயருக்கு ஒரு தெருகூட நம் கண்ணில் படவில்லை.

ஷாப்புக்கு முந்திய காலமும் உண்டு. மின்சார மோட்டார் வருவதற்கு முன் நம் பக்கத்துத் தோட்டங்களில் கமலையில்தான் நீர் இறைத்தார்கள். சாலின் அடியில் தொங்கும் தோல் வால் மாட்டுத் தோல். நாள் முழுதும் நனைந்தும் மடங்கியும் நிமிர்ந்தும் வேலை செய்கிற தோல் அது. சவ்வு மிச்சம் இருந்தால் அந்த மடிப்பில் அழுகும், ஆழமாக வழித்திருந்தால் அந்த மடிப்பில் வெடிக்கும். வால் வெடித்தால் அன்றைக்குப் பயிருக்குத் தண்ணீர் இல்லை. அந்த வாலைத் தைத்துக் கொடுத்த அருந்ததியர் குடும்பங்களுக்கு அறுவடையில் களத்து மேட்டில் நின்று வாங்கும் தானம்போலத்தான் கூலி அளக்கப்பட்டது. பாசன வரலாறு எழுதுகிறவர்கள் ஏரியையும் மதகையும் எழுதுகிறார்கள். கிணற்றுப் பாசனம் ஒரு கத்தியின் விளிம்பில் நின்றிருந்தது என்று எழுதியவர் யார்?

இந்தக் கேள்வியை நம்மிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் இலக்கியம் தோலின் நாற்றத்தை எழுதியிருக்கிறது. அவமானத்தை எழுதியிருக்கிறது. திண்டுக்கல் தோல் தொழிலாளர்களின் போராட்டத்தை டி. செல்வராஜ் 'தோல்' என்று நாவலாகவே எழுதினார். 2012இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஆயினும் நம் கூட்டங்களில் தோல் வேலை என்றாலே துயரம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஒரு தோலைத் தடவிப் பார்த்து, இந்த மாடு பட்டினி கிடந்தது, இங்கே உண்ணி கடித்தது, உரித்தவன் இந்த இடத்தில் அவசரப்பட்டிருக்கிறான் என்று சொல்கிற கையை நாம் அறிவு என்று அழைப்பதில்லை. துயரம் என்று மட்டும் சொன்னால் நம் மேல் இரக்கப்படுகிறவர்களுக்கு வசதி. அறிவு என்று சொன்னால் அதற்குரிய கூலி எங்கே என்ற கணக்கு எழும்.

அதே சமயம், இதைக் கலை என்றும் பாரம்பரியம் என்றும் மாலை போட்டு மேடையேற்றுகிறவர்களிடமும் எங்களுக்குச் சண்டை உண்டு. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த தோலை வயிற்றில் அழுத்திப் பிடித்து வேலை செய்தவரின் வயிறு எப்படி இருக்கும் தெரியுமா? ஐயா சட்டையைத் தூக்கிக் காட்டினார். விரல் இடுக்குகளில் சுண்ணாம்பு தின்ற குழிகள் இன்னும் ஆறவில்லை. அடைப்பான் கண்டு செத்த மாட்டின் தோலைத் தொட்டால் அந்த நோய் கையிலுள்ள சின்னக் கீறல் வழியாக மனிதனுக்குள் ஏறும், கொல்லவும் கொல்லும். மாடு எப்படிச் செத்தது என்று கேட்கிற உரிமை தோலை உரித்தவனுக்கு இருந்ததில்லை. பிறகு பெரிய ஆலைகளில் சுழல் கத்தி பதித்த உருளை இயந்திரம் வந்தது. குனிகிற முதுகு நிமிர்ந்தது உண்மை. கத்தியைத் தேர்கிற வேலையும் அதோடு போயிற்று. கழிவு மட்டும் நம் தெருவிலேயே தங்கியது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூக்கத்திலேயே செத்துப்போன தொழிலாளர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எங்களுக்குள் நடந்த சண்டையையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் தோல் வழிக்கிறார்கள் என்று தெரிந்ததும் மன்றத்தின் மூத்த தோழர் ஒருவர் கோபத்தோடு வந்தார். "நாங்க விட்டுட்டு வர்றதுக்கு ரெண்டு தலைமுறை ஆச்சு. காலேஜுக்கு அனுப்பின பிள்ளைங்க கையில மறுபடியும் இதையா குடுக்கறீங்க?" என்று கேட்டார். நாங்கள் சட்டென்று பதில் சொல்லவில்லை. ஏனென்றால் அவர் பேசியது அண்ணல் அம்பேத்கரின் குரலில். 1927இல் மகாடில் கூடிய மக்களிடம், செத்த மாட்டின் இறைச்சியை விட்டொழியுங்கள் என்றார் அண்ணல். செத்த மாட்டைத் தூக்குவதை நிறுத்தினால் தோலிலும் எலும்பிலும் வரும் வருமானம் போய்விடுமே என்று கணக்குப் போட்டுக் காட்டியவர்களிடம், அவ்வளவு லாபம் என்றால் நீங்களே தூக்கி அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளுங்களேன் என்று திருப்பிக் கேட்டார். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் சகோதரர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதன்பின் சுரேந்திரநகரில் மாட்டு உடல்களை அரசு அலுவலகத்தின் முன் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மக்கள் சொன்னதும் அதே கேள்விதான். கத்தியைக் கீழே வைத்தபோதுதான் அந்தக் கத்திக்கு என்ன மதிப்பு என்று ஊருக்குத் தெரிந்தது.

மூத்த தோழருக்குப் பதில் சொன்னது அந்த மாணவிதான். "தாத்தா, உங்க கையில குடுத்தாங்க. நாங்க கடையில போய்க் கேட்டு வாங்கினோம். வேண்டாம்னு தோணுற அன்னைக்குக் கீழ வச்சிடுவோம்" என்றார். தோழர் சமாதானம் ஆகவில்லை. இன்றும் ஆகவில்லை, இந்த உரைக்கு அவர் வந்திருக்கிறார், முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், முகத்தைப் பார்த்தாலே தெரியும். எங்கள் நால்வரிலும் இருவர் அவர் பக்கம். ஆனால் ஒன்றில் எல்லோரும் ஒத்துப்போனோம். சாதி ஒருவன் கையில் திணித்த கத்தியும், எந்த வளைவு, எந்த விளிம்பு, எந்தத் தோல், எத்தனை நாள் என்று ஒருவர் தானே தேர்கிற கத்தியும் ஒரே இரும்பில் அடித்ததாக இருக்கலாம், ஒரே பொருள் அல்ல. பெரியவர் பட்டறை வாசலில் மூன்று முறை காசு கொடுத்தது அந்த வித்தியாசத்துக்காகத்தான் என்று நாங்கள் நினைக்கிறோம். அவர் பின்னால் அந்த வேலையை விட்டதும், தன் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாததும் அதற்கு முரண் இல்லை.

வேலையை விட்டபோதும் கத்தியை அவர் விற்கவில்லை. படிப்பகத்தின் அலமாரிக்குப் பின்னால் துணியில் சுற்றி வைத்திருந்தார். வெள்ளையடிக்கும்போதுதான் எங்கள் கண்ணில் பட்டது. பாதி துரு. கைப்பிடியில் சணல் அப்படியே இருக்கிறது, வலது பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்திருக்கிறது. ஐயாதான் பார்த்ததும் சொன்னார், அவருக்கு வலது தோள் கொஞ்சம் இறக்கம், அந்தப் பக்கம் அழுத்தித்தான் தள்ளுவார் என்று. நாங்கள் முப்பது ஆண்டு அவரோடு பழகியவர்கள். தோள் இறங்கியிருந்ததை யாரும் கவனித்ததில்லை.

பறை கட்டும் பயிற்சி அடுத்த மாதமும் தொடரும். வருகிறவர்கள் கையுறை கொண்டு வர வேண்டும், கையில் காயம் இருப்பவர்கள் தோலைத் தொட வேண்டாம், மண்டியில் வாங்கும்போது மாடு எப்படிச் செத்தது என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஐயா வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் நேரத்துக்கு நாள் கூலி கொடுப்பது என்று மன்றம் முடிவு செய்திருக்கிறது. அவர் வேண்டாம் என்றார். நாங்கள் ஒப்பவில்லை.

பெரியவருடைய கத்தி அந்த மேசை மேல் இருக்கிறது. உரை முடிந்ததும் வந்து பிடித்துப் பாருங்கள். வெளிவளைவுப் பக்கம் இன்னும் கூர் இருக்கிறது, பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொள்ளுங்கள்.